கம்பி வழியே வந்த கைகள்

4 பிப்ரவரி 1999

அக்கா,

மூன்று மாதமாகக் கடிதம் போடவில்லை என்று நீ திட்டுவதற்குள் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். அம்மாவோடு போனில் பேச வழி கிடைத்துவிட்டது.

சிரிக்காதே. பிறந்ததிலிருந்து காது கேட்காதவளுக்குப் போன் எதற்கு என்று கேட்பாய். வீட்டைவிட்டு வந்த இந்த ஏழு வருடமாக நானும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இங்கே என் வேலை வீடியோவைச் சுருக்குவது. கல்லூரி வகுப்பு, அறுவை சிகிச்சைப் பாடம் என்று டேப்பில் வருவதைப் போன் கம்பிக்குள் நுழையும் அளவுக்கு ஒல்லியாக்கி இணையத்தில் ஏற்றுகிறோம். எங்கேயோ யாரோ ஒரு பொத்தானை அழுத்தினால் அந்தப் படம் துளித் துளியாக இறங்கும். முழுக்க இறங்கும்வரை காத்திருக்க வேண்டாம், இறங்க இறங்கவே ஓடும். போன வாரம் ஒரு டாக்டர் தையல் முடிச்சுப் போடும் டேப் வந்தது. முகம் இல்லை, குரல் இல்லை, வெறும் கை மட்டும். அதைச் சுருக்கி ஏற்றிவிட்டு, சரியாக வருகிறதா என்று போன் கம்பியில் இறக்கிப் பார்த்தேன். பார்த்தவன் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கை போகிறது, அக்கா! கம்பி வழியாகக் கை போகிறது!

நம் வீட்டு மொழியே கைதானே. அம்மா தானாக உண்டாக்கியது, நம் வீட்டுக்கு வெளியே ஒருவருக்கும் புரியாதது. அப்பா போன பிறகு உலகத்தில் அதைப் பேசுகிறவர்கள் நாம் மூன்றே பேர்.

உன் கண்ணாடிக் கடையில் லென்ஸ் ஆர்டர் அனுப்பக் கம்ப்யூட்டரும் மோடமும் இருப்பதாக எழுதியிருந்தாய். நான் கையால் பேசும் இருபது நொடிக் கிளிப் ஒன்றை ஏற்றி வைத்திருக்கிறேன். முகவரியைத் தனித் தாளில் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறேன். அம்மாவை ஒரு நாள் அழைத்துப் போ.

தம்பி


21 பிப்ரவரி 1999

தம்பிக்கு,

மூன்று மாதத்தை நான் மறக்கவில்லை. அந்தக் கணக்கு அப்படியே இருக்கிறது.

கடை மதியம் சாத்தியிருக்கும் நேரத்தில் முதலாளியிடம் சாவி வாங்கிக்கொண்டு அம்மாவை அழைத்துப் போனேன். நான் லென்ஸ் தேய்க்கும் பின்னறையில்தான் கம்ப்யூட்டர். அவளை ஸ்டூலில் உட்காரவைத்து, நீ எழுதிய முகவரியை ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினேன். மோடம் கீச்சுக் கீச்சென்று கத்தியது. அம்மாவுக்கு அது எங்கே கேட்கிறது? ஆனால் என்ன செய்தாள் தெரியுமா? தையல் மிஷின் ஓடுகிறதா என்று தொட்டுப் பார்ப்பாளே, அதே மாதிரி உள்ளங்கையை அந்த மோடத்தின் மேல் வைத்தாள். என்னைப் பார்த்துத் தலையாட்டினாள். ஓடுதாம்.

அப்புறம் 'பஃபரிங்' என்று ஒரு வார்த்தை வந்தது பார், எனக்கு ஜென்மத்துக்கும் மறக்காது. நான்கு சதவீதம். ஒன்பது சதவீதம். பதினொன்றில் குந்திக்கொண்டது. அம்மா கண் கொட்டாமல் அந்தக் கறுப்புக் கட்டத்தையே பார்த்தாள். நானும் எதையோ திட்டிக்கொண்டே பார்த்தேன்.

பிறகு நீ வந்தாய். தீப்பெட்டி அளவுக்கு. முதலில் நெற்றி, பிறகு மூக்கு. இவ்வளவு முடி கொட்டிவிட்டதை எனக்கு ஏன் எழுதவில்லை? உன் கை இருந்த இடத்தில் இரண்டு கூழ்க் கட்டிகள் இருந்தன. அவ்வளவு வேகமாக ஆட்டினால் என்ன தெரியும்? நான் கடையின் பெரிய பூதக்கண்ணாடியை எடுத்துத் திரைமேல் பிடித்தேன். மறுபடியும் போட்டேன். மூன்றாம் தடவை, அம்மா என் கையைத் தட்டிவிட்டுக் கண்ணாடியைத் தானே பிடித்துக்கொண்டாள். நீ காதை இரண்டு விரலால் பிடித்து இழுத்தாய். உன் பெயர். தூங்கும்போது உன் காதை நீயே பிடித்துக்கொள்வாய் என்று அவள் உனக்கு வைத்த பெயர்.

அவள் திரையைத் தொட்டாள். சும்மா ஒரு விரலால். அப்புறம் விரலைப் பார்த்தாள், ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்பதைப் போல. ஏழு வருடம் கழித்து நீ அசைவதைப் பார்க்கிறாள், அதுவும் நீ பேசுவதைப் பார்க்கிறாள். நான் மூக்கைச் சிந்திக்கொண்டு பார்க்காதது போல் இருந்தேன்.

பாதிக் கையை நீ மறந்துவிட்டாய். "சின்னப் புள்ள மாதிரி பேசுறான்" என்று சிரித்தாள்.

பார்த்தாகிவிட்டது. இனி இது போதும். கடையில் தினமும் இந்தக் கூத்தை வைத்துக்கொள்ள முடியாது. வழக்கம்போல நீ கடிதம் எழுது, நான் அவளுக்குச் சொல்கிறேன்.

அக்கா


10 மார்ச் 1999

அக்கா,

உன் கடிதத்தை ஆபீசில் வைத்துப் படித்தேன். மோடத்தின் மேல் கை வைத்தாள் என்ற இடத்தில் நிறுத்திவிட்டுப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

போதும் என்றால் எப்படிப் போதும்? ஒரு பக்கம்தானே ஆகியிருக்கிறது. அம்மா என்னிடம் பேச வேண்டாமா? பார்சலில் ஒரு சின்ன கேமரா அனுப்பியிருக்கிறேன். உருண்டையாக ஒரு கண் மாதிரி இருக்கும். பிரிண்டர் செருகும் இடத்தில் அதைச் செருகு. எப்படிப் பதிவது என்று படம் போட்டே எழுதியிருக்கிறேன். சுருக்குவதெல்லாம் உனக்கு வேண்டாம், அப்படியே அனுப்பு.

ஒன்றை மட்டும் கவனி. எங்கள் தொழிலில் ரகசியமே இதுதான்: அசையாததை அனுப்பாதே, அசைவதை மட்டும் அனுப்பு. சுவர் ஒரு தடவை போனால் போதும், திரும்பத் திரும்ப எதற்கு? அதனால் அம்மாவை வெள்ளைச் சுவர் முன்னால் உட்காரவை. பூப்போட்ட உடை வேண்டாம். பின்னால் மின்விசிறி நிழல் ஆடக் கூடாது. நொடிக்கு ஐந்து படம்தான் பிடிக்கும், மெதுவாகப் பேசச் சொல்.

உனக்கு ஏன் பிடிக்கவில்லை என்று எனக்குப் புரியவில்லை. நான் எழுதினாலும் நீதான் சொல்கிறாய், அவள் சொன்னாலும் நீதான் எழுதுகிறாய். ஒரு தடவையாவது நடுவில் நிற்காமல் கொஞ்சம் ஒதுங்கி நில்லேன்.

தம்பி


29 மார்ச் 1999

நடுவில் நிற்காதே என்று எழுதிவிட்டாய். நல்லது.

மருத்துவமனையில் டாக்டர் சொல்வதை அவளுக்குச் சொன்னது யார்? அப்பாவுக்கு இனி ஒன்றும் செய்ய முடியாது என்பதை, இந்த இரண்டு கையால், வராந்தாவில் அத்தனை பேர் பார்க்க அவளுக்குச் சொன்னது யார்? விடுப்பு கிடைக்கவில்லை என்று நீ எழுதிய ஒரு வரியைச் சொன்னது யார்? நான் ஒதுங்கியிருந்தால் உங்கள் இருவருக்கும் நடுவில் வெறும் கடல்தான் இருந்திருக்கும்.

கேமரா வந்தது. வெள்ளைச் சுவர் முன்னால் உட்காரவைத்தேன். மெதுவாகப் பேசச் சொல்ல வாய் எடுத்தேன், அதாவது கை எடுத்தேன். அதற்குள் அவளே பேச ஆரம்பித்துவிட்டாள். ஒவ்வொரு சொல்லையும் காற்றில் வைத்து, கொஞ்ச நேரம் பிடித்து நிறுத்தி, அடுத்ததற்குப் போனாள். உன் கை கூழானதை ஒரே நாள் பார்த்தவள், அந்தப் பெட்டிக்கு எப்படிப் பேச வேண்டும் என்று தானே கண்டுபிடித்துக்கொண்டாள். படிக்காத மனுஷி! நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன்.

முப்பத்தொரு நொடி. அனுப்ப ஒரு மதியம் பிடித்தது. தொண்ணூறு சதவீதம் வருவதற்குள் கடை திறந்து, முன்கடையில் யாரோ போனை எடுத்தார்கள், அறுந்தது. மறுபடியும் எண்பத்தி ஆறில் அறுந்தது. மூன்றாம் தடவை போனின் மேல் 'தொடாதே' என்று எழுதி ஒட்டிவிட்டு, பக்கத்திலேயே காவல் நின்றேன்.

அவள் கேட்பதற்கு யோசித்துப் பதில் சொல்.

அக்கா


12 ஏப்ரல் 1999

அக்கா,

முதலில் திட்டு வாங்கிக்கொள்கிறேன்.

கிளிப் வந்தது. ஆபீசில் என் திரையில் அம்மா. வெள்ளைச் சுவர், அவள் முகம், இரண்டு கை. நாள் முழுக்க அடுத்தவர்கள் கைகளைச் சுருக்கி அனுப்புகிறவன் நான். இதில் ஒரு புள்ளியைக்கூடச் சுருக்க எனக்கு மனம் வரவில்லை. பக்கத்து மேசைக்காரர் எழுந்து வந்து பின்னால் நின்றார். "யார் இது?" என்று கேட்டார். "அம்மா." "என்ன சொல்றாங்க?" சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன், சொல்லத் தெரியவில்லை. கை புரிந்தது. விஷயம் புரியவில்லை.

மூன்று கால் நாய்க்குக் குளிரில் வலி எடுக்கிறதா என்று கேட்கிறாள். பால்கனியில் எலுமிச்சைச் செடி காய்த்ததா என்று கேட்கிறாள். மாடியில் டிரம்பெட் வாசிக்கிற கிழவர் இன்னும் தகராறு செய்கிறாரா என்று கேட்கிறாள்.

என்னிடம் ஏது நாய்? எனக்குப் பால்கனியே கிடையாது, அக்கா.

கடைசியில் இன்னொன்று சொன்னாள். "ரெண்டு வருஷம் உன்மேல கோவமா இருந்தேன். இப்ப இல்ல." எந்த இரண்டு வருடம்? அப்பா போன பிறகு வந்த உன் ஒவ்வொரு கடிதத்திலும் 'அம்மா உன்னைக் கேட்டாள், உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள்' என்றுதானே இருந்தது? எல்லாவற்றையும் எடுத்து வைத்திருக்கிறேன். நேற்று மறுபடியும் படித்துப் பார்த்தேன்.

நீ அவளிடம் என்ன சொல்லிக்கொண்டிருந்தாய்? என்னிடம் என்ன சொல்லிக்கொண்டிருந்தாய்?

தம்பி


28 ஏப்ரல் 1999

தம்பி,

கேமரா வந்த பார்சலை இரண்டு நாள் பிரிக்காமலே வைத்திருந்தேன். இதற்குத்தான்.

உன் முதல் கடிதத்தை நான் இன்னும் வைத்திருக்கிறேன். 'நலம். அறை கிடைத்தது. வேலை அதிகம். அம்மாவிடம் சொல்.' அவ்வளவுதான். அம்மா தையலை நிறுத்திவிட்டு, மடியில் கையை வைத்துக்கொண்டு, என் கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான்கு வரியையும் சொல்லி முடித்தேன். அவள் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம்? அப்புறம்? என்று அந்தக் கண் கேட்கிறது. நான் என்னடா செய்வேன்? ஒரு நாயை விட்டேன்.

சும்மா ஒரு தெரு நாய், உன் பின்னாலேயே வந்தது என்று. அடுத்த கடிதத்தில் அதற்கு ஒரு காலை எடுத்தேன். அப்புறம் செடி. அப்புறம் மாடிக் கிழவர். உன் கடிதம் சுருங்கச் சுருங்க என் கதை நீண்டுகொண்டே போனது. நீ அனுப்பிய இரண்டு போட்டோவிலும் நாய் இல்லையே என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றோடு முடிந்திருக்கும்.

இந்தப் பக்கமும் அப்படித்தான். அப்பா காரியத்துக்கு நீ வராத பிறகு, உனக்கு என்ன எழுதட்டும் என்று கேட்டால் அம்மா இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொள்வாள். அவள் வாயை மூடிக்கொள்வது அப்படித்தான், உனக்குத் தெரியுமே. இரண்டு வருடம் அப்படியே உட்கார்ந்திருந்தாள். அதை எப்படி உனக்கு எழுதுவது? 'அம்மா உன்னைக் கேட்டாள்' என்று எழுதினேன்.

இனி உன் கையில் இருக்கிறது. உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன், நாய் இல்லை என்று அவளிடம் சொல்லிவிடாதே. வெளியுலகத்தில் நடக்கும் எதுவும் என் கை வழியாகத்தான் அவளுக்குப் போய்ச் சேருகிறது. டாக்டர் சொன்னது, கை தூக்க முடியாத அப்பா வாயால் கடைசியாகச் சொன்னது, எல்லாமே. இந்தக் கை பொய் சொல்லும் என்று தெரிந்துவிட்டால், அப்புறம் எதை நம்புவாள்? அப்பா சொன்னதையும் நான்தான் இட்டுக்கட்டினேன் என்று நினைத்துவிட்டால்?

அக்கா


16 மே 1999

அக்கா,

இரண்டு நாள் உன்மேல் கோபமாக இருந்தேன். மூன்றாம் நாள் என் பழைய கடிதங்களை நினைத்துப் பார்த்தேன். நான்கு வரி. வீடியோவைச் சுருக்குவதற்கு முன்பே நான் சுருக்கிப் பழகியிருக்கிறேன்.

பக்கத்து மேசைக்காரரிடம் நாய் இருக்கிறது. நன்றாகக் கொழுத்த, நான்கு கால் நாய். கடன் வாங்கிவந்து, ஒரு காலை என் கைக்குள் மறைத்து மடக்கிப் பிடித்துக்கொண்டு கேமரா முன்னால் உட்கார்ந்தேன். ஒரு கை நாய்க்கு, ஒரு கை பேச. அது பதினைந்தாவது நொடியில் காலை உருவிக்கொண்டு, நான்கு காலையும் ஊன்றி நின்று, கேமராவை நக்கியது. வெட்டி ஒட்டிச் சரிசெய்து ஏற்றியிருக்கிறேன். அதுதான் முதல் கிளிப்.

இரண்டாவது கிளிப்பும் ஏற்றியிருக்கிறேன். அதில் நான் மட்டும்தான். அதில் சொல்லியிருப்பதை உனக்கும் எழுதிவிடுகிறேன், உனக்குத் தெரியாமல் அவளுக்குத் தெரியக் கூடாது. அப்பா போனபோது விடுப்பு கிடைத்தது. பெட்டியும் கட்டிவிட்டேன். கிளம்பும் முன் குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று, அம்மாவைப் பார்த்ததும் என்ன சொல்வேன் என்று சொல்லிப் பார்த்தேன். கை வரவில்லை. மூன்று வருடமாக யாரோடும் பேசாத கை. துக்க வீட்டில், அத்தனை பேர் நடுவில், அம்மா முன்னால் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு நிற்கப் பயந்தேன். பெட்டியைப் பிரித்து வைத்துவிட்டேன். அவ்வளவுதான். கோழை.

நாயை நீதான் கொடுத்தாய் என்பதையும் சொல்லியிருக்கிறேன். ஆனால் நான் எதையும் நேராக அவளுக்கு அனுப்பவில்லை. எதைப் போடுவது என்று நீயே முடிவு செய். நீ கேட்டபடி நாய் கிளிப்பைப் போட்டால், இன்னொன்றை நான் அழித்துவிடுகிறேன், சத்தியமாக.

தம்பி


5 ஜூன் 1999

டேய் தம்பி,

நாய் கிளிப்பை நான் மட்டும் நான்கு தடவை பார்த்தேன். வயிறு வலிக்கச் சிரித்தேன். அதைப் போட்டிருந்தால் எனக்கு எந்தச் சிக்கலும் இல்லை.

அம்மாவை உட்காரவைத்து இரண்டாவதைப் போட்டேன். ஏன் என்று கேட்காதே. கண்ணாடி முன்னால் நின்ற உன்னை மறைத்துவிட்டு நாயைக் காட்ட எனக்கு மனம் வரவில்லை.

வழக்கம்போல முக்கி முனகி வந்தது. அம்மா ஒரு கையில் பூதக்கண்ணாடி, மறு கை மோடத்தின் மேல். நீ காதைத் தொட்டாய். 'நாய்' என்றாய். 'இல்லை' என்று கையை விரித்தாய். அந்த இடத்தில், சரியாக அந்த இடத்தில், படம் நின்றுவிட்டது. பஃபரிங். விரித்த கையோடு நீ சிலை மாதிரி நிற்கிறாய். இரண்டு சதவீதம். மூன்று சதவீதம்.

அம்மா பூதக்கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"தெரியும்" என்றாள்.

"எப்பலேர்ந்து?"

"மொத நாள்லேர்ந்து. கடுதாசியில நாலு வரி. நீ அரை மணி நேரம் சொன்ன. எனக்குக் காதுதான் கேக்காது."

நான் விடவில்லை. "அப்ப அப்பா சொன்னது? அதையும் பொய்னு நெனச்சியா?"

இல்லை என்று தலையாட்டினாள். "பொய் சொல்றப்ப உன் கை அழகா இருக்கும். அன்னிக்கு அப்படி இல்ல."

அவள் என்னைப் பார்த்த பார்வையை உனக்கு எப்படி எழுதுவது? ஏழு வருடமாக நான் அவளுக்கு உலகத்தைக் காட்டிக்கொண்டிருப்பதாக நினைத்திருந்தேன். அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். தெரிந்தும் ஏன் ஒரு நாளும் நிறுத்தச் சொல்லவில்லை என்று கேட்டேன். அதற்கு அவள் மெதுவாக, அந்தப் பெட்டிக்குப் பேசுவதைப் போல ஒவ்வொன்றாக நிறுத்திச் சொன்னாள்:

"கடையிலேர்ந்து வருவ. சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா, கதவச் சாத்து. அவ்வளவுதான் பேசுவ. அவன் கடுதாசி வந்தா மட்டும் எங்கிட்ட உக்காந்து அரை மணி நேரம் பேசுவ. நாய் நல்ல நாய். எனக்குப் புடிச்சிருந்துச்சு."

நான் அழுதேன், தம்பி. கடை ஸ்டூலில் உட்கார்ந்து, லென்ஸ் துடைக்கும் துணியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதேன். அவள் என் முழங்கையைத் தட்டித் திரையைக் காட்டினாள். உன் கை அசைய ஆரம்பித்திருந்தது.

அவள் பூதக்கண்ணாடியை மறுபடியும் எடுத்து மீதியைப் பார்த்தாள். பெட்டி, கண்ணாடி, கை வராதது, எல்லாம். முடிந்ததும் மறுபடியும் போடச் சொன்னாள். பார்த்துவிட்டு, கேமராவை மாட்டு என்றாள். மாட்டினேன். எந்தப் பொத்தானை அழுத்தினால் ஓடும், எதை அழுத்தினால் நிற்கும் என்று கேட்டாள். காட்டினேன். அப்புறம் என்னைப் பார்த்து, "நீ வெளிய போ" என்றாள்.

எனக்கு முதலில் புரியவே இல்லை. நான் பிறந்ததிலிருந்து அவள் வெளியாட்களிடம் தனியாக எதுவும் பேசியதில்லை. எப்போதும் அப்பாவோ, நீயோ, நானோ கூட நின்றிருப்போம். உனக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமென்றாலும் ஏழு வருடமாக என் கை வேண்டியிருந்தது. நான் வெளியே வந்து கதவைச் சாத்திவிட்டு, முன்கடையில் கண்ணாடிச் சட்டங்களுக்கு நடுவே நின்றேன். ஒதுங்கி நில் என்றாயே, நின்றேன். கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. உள்ளே ஒரு சத்தமும் இல்லை. ஆனால் கதவுக்கு அந்தப் பக்கம் அம்மா பேசிக்கொண்டிருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். அப்படி ஒரு அதிசயத்துக்குப் பக்கத்தில் நான் இதுவரை நின்றதே இல்லை.

கதவைத் திறந்தபோது முகம் கழுவியதைப் போல இருந்தாள். நாற்பத்தி நான்கு நொடி என்று காட்டியது. திறந்து பார்க்காமல் அப்படியே ஏற்றினேன். கை அரித்தது, பொறுத்துக்கொண்டேன். அனுப்பி முடியும்வரை அவள் மோடத்திலிருந்து கையை எடுக்கவில்லை. ஒரு தடவைகூட அறுபடவில்லை.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நாய்க்கு அப்புறம் என்ன ஆயிற்று என்று கேட்டுக்கொண்டே வந்தாள். சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அவள் உன்னிடம் என்ன சொன்னாள் என்று எனக்கு எழுதாதே. நானே கேட்டாலும் எழுதாதே. வந்து சேர்ந்ததா என்று மட்டும் ஒரு வரி போடு.

அக்கா